பிரஷர் பரீட்சையில் பாஸ்

வனிதா அப்பாவுக்கு,

சோறு வடித்து வைத்திருக்கிறேன். குழம்பில் உப்பு குறைவாக இருக்கும். மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றே.

நேற்று எனக்கு நர்சிங் பரீட்சை முடிவு வந்தது. நமக்குள் பேச்சில்லாததால் நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து நான் பாஸாகிவிட்டேன். பிரஷர் பார்ப்பதில் வகுப்பிலேயே முதல் மார்க்.

ஆகவே உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது.

போன வாரம் உங்கள் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிப் பழகியபோது, அளவைப் பார்த்து நான் பதறிப்போனேன். "ஒனக்குப் பாக்கத் தெரியல புள்ள. மொதல்ல பாஸ் பண்ணிட்டு வந்து சொல்லு, ஒத்துக்கிறேன்" என்று கத்தினீர்கள். "இம்புட்டுக் கோவம் வருதுல்ல, அதுவே பிரஷர்தான்" என்று நானும் வாயைவிட்டேன். அதோடு சண்டை மூண்டு பேச்சும் நின்றது.

இப்போது ஒத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மொக்கச்சாமி அண்ணன் ஆட்டோ கொண்டுவருவார். அடம்பிடிக்காமல் ஏறி ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், வாசலில் நிற்பேன். சாவியைப் பக்கத்துவீட்டு சீதாலட்சுமி அக்காவிடம் கொடுங்கள்.

மாயக்காள்

ஊறுகாய்ச் சாடியைத் தேட வேண்டாம். அதுவும் அக்கா வீட்டில்தான் இருக்கிறது.

பட்டை கட்டும்போது டாக்டரிடம் சண்டை போடாதீர்கள்.

இன்னொன்று. நான் பார்த்தது தப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டால், ஊர் முழுக்கச் சொல்லிச் சிரியுங்கள். அழகர்சாமியிடம் அதைத்தான் வேண்டிக்கொண்டு கிளம்புகிறேன்.