வாயில் திணித்த துண்டு

அத்தை,

நீங்கள் விட்டுப்போன காமாட் எண்ணெய், அந்தக் கடலட்டை எண்ணெய், இன்னும் கால் போத்தல் இருக்கிறது. இன்று காலை வாளியைத் தூக்கக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. அதை எடுத்து இடுப்பில் தேய்த்துக்கொண்டேன். மூடியைத் திறந்ததும் அந்தக் கடல் வாடை அறை முழுக்கப் பரவியது. நீங்களே கட்டிலோரம் வந்து உட்கார்ந்து, "அழுத்தித் தேய்" என்று அதட்டுவதுபோல் இருந்தது. செத்தும் அதட்டுகிறீர்கள்.

எனக்கு இப்போது எட்டாம் மாதம். இரண்டாவது பிள்ளை, நீங்கள் பார்க்காமல் போனது. முதுகில் ஊசி போட்டு வலியை மரத்துப்போகச் செய்ய வேண்டுமா என்று வெள்ளிக்கிழமை கிளினிக்கில் கேட்பார்கள். உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இந்த ஊசியைத் தாண்டி எதுவும் வரமாட்டேன் என்கிறது.

முதல் பிரசவத்தின்போது உங்கள் மகன் பினாங்கில் ஷிப்டில் மாட்டிக்கொண்டார். அறைக்குள் என்னோடு வந்தது நீங்கள்தான். கைப்பையிலிருந்து புது வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்துச் சுருட்டி என் பற்களுக்கு நடுவே வைத்தீர்கள். "கடிச்சுக்கோ. சிடாம் கிரி தோட்டத்து லயத்துல எங்க மாமியா எனக்கு இப்படித்தான் வச்சாங்க. நாலும் இப்படித்தான் பெத்தேன்." நர்ஸ் மிஸி பார்த்துவிட்டு அதை எடுக்கச் சொன்னாள். சிரித்துக்கொண்டே எடுத்தீர்கள். அவள் அந்தப் பக்கம் போனதும் மறுபடியும் வைத்தீர்கள்.

இளவயது மலாய்க்கார டாக்டர் ஒருவர் வந்தார். மயக்க மருந்து டாக்டர் இப்போது இருக்கிறார், கொஞ்ச நேரத்தில் ஆப்பரேஷனுக்குப் போய்விடுவார், ஊசி வேண்டுமா என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார். என் வாயில் துண்டு.

"தாக் பாயா லா, டாக்டர். டியா குவாட்," என்றீர்கள்.

வேண்டாமாம். நான் பலசாலியாம். டாக்டர் என் முகத்தைப் பார்த்தபோது சரியாக ஒரு வலி வந்தது. துப்பிவிட்டுப் பேசலாம் என்றால் துண்டின்மேல் உங்கள் உள்ளங்கை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அவர் அதையும் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பிறகு என் காதில் நியாயம் சொன்னீர்கள். "முதுகுல ஊசி போட்டா அப்புறம் குனிஞ்சு மரம் வெட்ட முடியாதும்மா." நான் எந்த மரத்தை வெட்டப்போகிறேன், அத்தை? கையுறை ஃபேக்டரியில் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டை பார்க்கிறவள் நான். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போன உங்களுக்கு முதுகுதான் சோறு போட்டது. அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் உங்கள் முதுகை நினைத்து என் உடம்பைக் கிழிய விட்டீர்கள். துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு நான் கெஞ்சியபோது மயக்க மருந்து டாக்டர் ஆப்பரேஷன் அறைக்குள் போயிருந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் இரத்தம். அப்போதும் நீங்கள் சொன்னது இதுதான்: "கத்திடாத. தமிழ்ப் பொம்பளைங்கதான் வார்டையே தூக்குவாங்கன்னு பேசுவாங்க." மலடிக்குத் தெரியுமா பிள்ளைப்பேற்று வலி என்பார்கள். நாலு பெற்ற உங்களுக்கும் தெரியாமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பேர் வைத்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் பாயசத்தோடு அதையும் பரிமாறினீர்கள். "என் மருமக ஒரு சத்தம் போடல." உங்கள் மகனுக்குப் பெருமை தாங்கவில்லை. தையல் போட்ட இடத்தை வைத்துக்கொண்டு எப்படி உட்காருவது என்று தெரியாமல் நான் நின்றுகொண்டே இருந்தேன். ஊசி போடாமலே என் முதுகும் போனது. அதற்கு மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்துவிட்டது நீங்கள்தான், அதையும் சொல்ல வேண்டும். என்னைப் பெற்ற அம்மாகூட அப்படிப் பார்த்ததில்லை. அதனால்தான் உங்களை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பிறகு உங்களுக்குப் புற்று வந்தது. உடம்பில் எத்தனையோ இடம் இருக்க, முதுகெலும்பில் வந்து உட்கார்ந்தது. சாமிக்கும் குசும்பு உண்டு.

ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் நான் இருந்தேன். உங்கள் மகன் வேலை முடிந்து சாயங்காலம் வருவார். அவர் தலை தெரிந்ததும் வாயை இறுக்கிக்கொள்வீர்கள். "வலிக்குதாம்மா?" என்பார். "இல்லப்பா" என்பீர்கள். அவர் போனதும் தலையணையைக் கடிப்பீர்கள். மார்ஃபின் ஆரம்பிக்கலாமா என்று டாக்டர் கேட்டதற்கு உங்கள் மகன் மறுத்துவிட்டார். "அது போட்டா ஆளு எழுந்திரிக்கவே மாட்டாங்க. எங்கம்மா குவாட், டாக்டர்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அத்தை. பொய் சொல்ல மாட்டேன். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே உங்களுக்குக் கஞ்சி ஊட்டினேன்.

மறுநாள் நீங்கள் கத்தினீர்கள். அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல். வார்டே திரும்பிப் பார்த்தது. யார் என்ன பேசுவார்கள் என்ற நினைப்பெல்லாம் உங்களுக்கு எங்கே போனதோ தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் காலப் புடிக்கிறேன், ஊசி போடச் சொல்லு" என்றீர்கள். ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் உங்களிடமே கேட்டார். "நாக், டாக்டர், நாக்," என்றீர்கள். வேண்டும், வேண்டும் என்று உங்கள் வாயாலேயே கேட்டீர்கள். நான் குறுக்கே கை வைக்கவில்லை.

மருந்து ஏறியதும் உங்கள் முகம் தளர்ந்தது. கண்ணைத் திறக்காமல், "இவ்வளவுதானா?" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பிறகு மகனை நினைத்துச் சொன்னீர்கள்: "தம்பிகிட்ட சொல்லிடாத, நான் கத்துனேன்னு." சரி என்று தலையாட்டினேன்.

சில நாளில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். புற்று முற்றிப்போயிருந்தது என்று டாக்டர் எவ்வளவு சொல்லியும் உங்கள் மகன் காதில் ஏறவில்லை. "அவங்க கேக்கவே இல்ல. நீதான் போட வச்சே. அந்த ஊசிதான் அம்மாவக் கொண்டுபோச்சு." கருமாதிக்கு வந்தவர்களிடமும், எங்கம்மா கடைசிவரைக்கும் ஒரு சத்தம் போடல என்று சொல்லி அழுதார். நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று சமையலறையில் அவரிடம் சொன்னேன், இந்த முறை எனக்கு ஊசி வேண்டும் என்று.

"ஊசிப் பேச்சே வேணாம். மொதப் பிள்ளைக்கு அம்மா உன்ன அழகாப் பார்த்துக்கலியா? இந்தத் தடவ நான் உள்ள வரேன். டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

நான் பேசிக்கிறேன் என்றாரே, அதில்தான் எனக்கு அந்தத் துண்டு நினைவுக்கு வந்தது. எனக்குப் பேச வராத நேரத்தில் இன்னொரு வாய் எனக்காகப் பேசப்போகிறது. உடனே சொல்லிவிட்டேன். நீங்கள் கத்தினீர்கள், என் காலைப் பிடிப்பதாகக் கெஞ்சினீர்கள், ஊசியை நீங்களேதான் கேட்டீர்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொய் சொல்லாத," என்றார்.

அதனால் கத்திக் காட்டினேன். நீங்கள் அன்று கத்தியது போலவே, அடுப்படியில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பக்கத்து வீட்டில் டிவியை அணைத்தார்கள். அம்மாவின் குரல் பிள்ளைக்குத் தெரியாதா? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, உங்களைத்தான் கேட்டார்.

உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. வெள்ளிக்கிழமை நானே வாயைத் திறந்து வேண்டும் என்று சொல்வேன்.

பெண் பிள்ளை என்று ஸ்கேனில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பெயரை வைக்க அவருக்கு ஆசை. வைக்கட்டும், நான் தடுக்க மாட்டேன். அந்தப் பெயர் யாருடையது என்று அவள் கேட்கும் வயது வந்ததும், நீங்கள் எப்படிக் கத்தினீர்கள் என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.