இடப்பக்கப் பெட்டி

தான்தோன்றீஸ்வரர் துணை

ஒட்டுசுட்டான்

அன்பு மகன் செந்தூரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் ஈசன் புண்ணியத்தில் நடமாடித் திரிகிறோம், அங்கே இம்முறை குளிர் கூடவாம், உனக்கு நெஞ்சில் சளி கட்டிவிடக்கூடாது என்பதுதான் விளக்கு வைக்கும்போதெல்லாம் என் வேண்டுதல்.

நீ அனுப்பிய வால்வுப் பெட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. கணக்குக் கொப்பியில் அதை எந்தத் தலைப்பில் பதிவது என்று தெரியாமல் கடைசியில் சில்லறைச் சாமான் என்று போட்டேன். நல்லாய்ப் பாடிக்கொண்டிருந்த புதுப் பாட்டுச் செற்றுக்கு, அந்தக் காலத்து ரேடியோவில் இருந்த மாதிரிக் கண்ணாடி வால்வை ஏன் பூட்ட வேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. செற்றின் சத்தம் வறண்டு கிடக்குது என்று அப்பா உன்னிடம் முறையிட்டதும், வால்வு வழியாய்ப் போனால் இளகும் என்று நீ சொன்னதும் தெரியும். மாங்குளத்தில் ரேடியோ திருத்தும் நஜீம் வந்து பூட்டினான். புதுச் சாமான் என்று நான் இடப்பக்க வால்வுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தேன், சூடேற அது புகைந்து மணக்கத் தொடங்கியது. ஐயோ அக்கா, இதென்ன மோட்டார் சைக்கிளே பொட்டு வைக்க என்று சிரித்து, நிற்பாட்டித் துடைத்துவிட்டான்.

பிறகு தேவாரம் போட்டுப் பார்க்க, இடப்பக்க ஸ்பீக்கர் பெட்டி அடங்கிப் போச்சு என்றார் அப்பா. என் பொட்டுத்தான் கெடுத்துப்போட்டுது என்று நினைத்தேன். ஆனால் எனக்கு இரண்டு பெட்டியும் ஒரே மாதிரித்தான் கேட்டது. நஜீம் வால்வுகளை இடம் மாற்றினான், பெட்டிகளையும் மாற்றி வைத்தான், எதைச் செய்தாலும் அடங்கினது இடப்பக்கம்தான் என்றார் அப்பா. அந்த நேரம் படலையால் மாடு வருகுதோ என்று பார்க்க அவர் கதிரையைப் பெட்டிகளுக்கு முதுகு காட்ட வாசல் பக்கம் திருப்பிப் போட்டு இருந்தார். இருந்தவர், முதல் அடங்கிப்போச்சென்ற பெட்டியையே காட்டி, இஞ்சை இப்ப இது வேலை செய்யுது, மற்றதெல்லோ செத்துப்போச்சு என்றார். பெட்டிகள் வைத்த இடத்திலேயே இருந்தன மகன், திரும்பியது அப்பாதான். நஜீம் என் முகத்தைப் பார்த்தான்.

காதை ஒருக்காக் காட்டுவமோ என்று பிறகு மெல்லக் கேட்டேன். என்ரை காதுக்கு என்ன, உமக்குத்தான் பாட்டுக் கேட்கத் தெரியாது என்று பாய்ந்தார். முந்தாநாள் சந்தியில் இடப்பக்கத்தால் மணல் டிப்பர் கோர்ன் அடித்துக்கொண்டு வர, சைக்கிளில் போன அப்பா திரும்பியே பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்துதான் மறைக்கிறாரோ, தெரியாமல்தான் செற்றோடு மல்லுக்கட்டுகிறாரோ, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இன்னும் விலை கூடின வால்வு ஒரு சோடி கேட்கப்போகிறாராம், நீ ஓம் என்று சொல்லிவிடாதே. உன் சொல்லென்றால் வவுனியாவுக்கு வந்து காது டொக்டரிடம் காட்டுவார். நீ போன் எடுக்கும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே நிற்பதால்தான் இதை எழுத வேண்டி வந்தது.

எங்கள் ஈசன் உன்னையும் மருமகளையும் நோய் நொடியில்லாமல் வைத்திருக்கட்டும், வெள்ளியில் மச்ச மாமிசம் வேண்டாம். அடுத்த முறை அப்பாவோடு கதைக்கும்போது போனை இடக்காதில் வைத்துக் கேட்கச் சொல்லு. லைன் சரியில்லை என்று சொல்லுவார். லைன் நல்லாய்த்தான் இருக்கும், நீ கோபிக்காமல் கதை.

இப்படிக்கு,
உன் அம்மா
கமலேஸ்வரி