ரத்த லேபுக்கு வந்த விருந்தாளி

மார்ச் 4, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று ஒரே ஆபரேட்டிங் சிஸ்டத்தை மூன்று தடவை இன்ஸ்டால் செய்தேன். முதல் தடவையே அது ஒழுங்காக ஏறிவிட்டது. டிஸ்க்கைக் கழற்றத்தான் மறந்துவிட்டேன். ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் டிஸ்க்கைப் பார்த்து, 'வருக, எந்த மொழி?' என்று ஆரம்பத்திலிருந்து கேட்டது. நானும் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன்!

எங்கள் லேபில் கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பு. ரத்த அணுக்களை எண்ணும் கருவிக்கு ஒரு ரிப்போர்ட் புரோகிராம். பழைய சிஸ்டத்தில்தான் ஓடும். அது இருக்கும் கம்ப்யூட்டர் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் அந்தப் பழைய சிஸ்டத்தைப் புது சர்வருக்குள் குடிவைக்க வேண்டும். இப்படி உள்ளே வருபவருக்கு 'கெஸ்ட்' என்று பெயர். என் மைத்துனர் மாதிரிதான் – வருவதற்கு முன்பே இடம் ஒதுக்க வேண்டும், ஒதுக்கியது போதவும் போதாது.

நேற்று லேப் முதலாளி டாக்டர் சொன்னார்: "ஒரு நாள் ரிப்போர்ட் நின்னாலும் வெளியாளக் கூப்பிட்டுருவேன். அப்புறம் நீங்க எதுக்கு?"

ஐம்பத்திரண்டு வயதில் என்னை எவன் வேலைக்கு வைப்பான்?

மார்ச் 5

கெஸ்ட் கண் விழித்தது. ஆனால் மவுஸின் அம்புக்குறி அதற்குள் போய் மாட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. ரத்தம் எடுக்கும் லேப் டெக்னீஷியனிடம் புலம்பினேன். என்னை 'அண்ணே' என்பவள், பெரும்பாலும் திட்டுவதற்காக.

"கல்யாணம் ஆயிருச்சோ என்னமோ, விடுங்கண்ணே."

பழைய கம்ப்யூட்டரை எட்டிப் பார்க்கப் போனால், "அது பக்கம் வராதீங்க, உங்க கை ராசி ஊருக்கே தெரியும்" என்று விரட்டினாள். நாள் முழுக்க ரிசப்ஷனில் உட்கார்ந்து எதையோ டைப் அடிக்கிறாள். வேறு வேலை தேடுகிறாளோ? விசாரிக்க வேண்டும்.

மார்ச் 6

புரோகிராம் ஏறியது. 'சாவி இல்லை' என்றது. விரல்நுனி அளவு யூஎஸ்பி சாவி, அதைச் செருகினால்தான் புரோகிராம் ஓடும்; அது பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. கேட்டதும் பிடுங்கிக் கொடுத்துவிட்டாள்.

"அப்போ ரிப்போர்ட்?"

"அத நான் பாத்துக்கறேன். நீங்க விருந்தாளியக் கவனிங்க."

சர்வரில் செருகினேன். அப்பவும் இல்லையாம். ஏன்டா என்னைப் படுத்துற? போச்சு. வேலை போச்சு.

மார்ச் 7

சாவி சர்வர் கையிலேயே இருந்திருக்கிறது! வீட்டுக்காரன் எடுத்துக் கொடுத்தால்தானே விருந்தாளிக்குக் கிடைக்கும்? செட்டிங்கில் ஒரே ஒரு டிக். ஓடிவிட்டது. முதல் ரத்தம் என்னுடையது. பயத்தில் அது மிச்சமிருந்ததே அதிசயம்.

டாக்டர் கை கொடுத்தார். "பரவால்லையே, ஒரு ரிப்போர்ட்கூட நிக்கல!"

கண் கலங்கிவிட்டது. அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குக்கூட நன்றி சொல்லத் தோன்றுகிறது. நான் முடிக்கும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்ததே, புண்ணியவதி.

மார்ச் 10

பழைய கம்ப்யூட்டரை ஓரங்கட்டப் போனேன். கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்போமே என்று ஸ்விட்சைப் போட்டேன். மூச்சு பேச்சு இல்லை. டெக்னீஷியன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

போன வாரத்து ரிப்போர்ட் எல்லாவற்றையும் கருவியின் குட்டித் திரையைப் பார்த்து இவளே டைப் அடித்திருக்கிறாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எப்பம்மா போச்சு இது?"

"போன திங்கக்கெழம. டாக்டர் உங்களத் திட்டிட்டுப் போனாருல்ல, அதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி."