நாலாம் நம்பர் கத்தி

ஜூலை 6, ஞாயிறு

விடிய ஆறு மணிக்கே வெளியில் வெக்கை. கடல் பக்கமிருந்து அழுகின பாசி நாற்றம். அறைக்குள் நேர்மாறு. செல்வம் ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறான். இராமநாதபுரத்துக்காரன், படகில் கயிறு பிடிக்கிறவன், என் அறைக்கூட்டாளி. ஓமானின் இந்த சோஹார் துறைமுகத்துக்கு வந்து நாலு வருடத்தில் எனக்கு வாய்த்த ஐந்தாவது கூட்டாளி. ஐந்தும் ஊத்தை.

தேங்காயெண்ணெய்ப் போத்தல் வழக்கம்போல வெள்ளைக் கட்டி. கேத்தலில் தண்ணீர் சுட வைத்து, போத்தலைக் கோப்பைக்குள் இறக்கி, உருகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பஸ் ஹார்ன். பாதித் தலைக்குத்தான் எண்ணெய்.

இன்றைய வேலை: கத்திகள், பன்னிரண்டு. படகுக்காரர் இடுப்பில் கொழுவுகிற பட்டன் கத்தி. கப்பல் கட்டுகிற கயிற்றில் கை மாட்டினால் மற்றக் கையால் பட்டனை அமுக்க, அலகு தானாகப் பாயும், கயிற்றை அறுக்கலாம். அதற்கு மட்டும்தான் அது. மாதம் ஒரு தடவை ஸ்டோருக்கு வரும். துப்புரவாக்கி எண்ணெய் விடுவது ஸ்டோர்கீப்பர் வேலை. ஸ்டோர்கீப்பர் நான்.

உள்ளே கிடந்தவை:
1 — உப்பு, கொஞ்சம் துரு. கடலில் போகிற கத்திக்கு இது நியாயம்.
2 — பேரீச்சம்பழம். அலகைத் திறக்கப் பிசின் நூலாக இழுபட்டது.
3 — மீன் செதில்.
6 — புகையிலைத் தூள், எச்சில் காய்ந்து.
9 — மாம்பழ நார். எறும்பு இரண்டு. ஒன்று உயிரோடு.
11 — என்னவென்று தெரியவில்லை. அறிய விருப்பமுமில்லை.
4 — செல்வத்தினுடையது. ஸ்பிரிங்குக்கு அடியில் கால் நகம். மூன்று துண்டு.

நாலை மேசையில் போட்டுவிட்டு வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன். மற்றவை பரவாயில்லை போலிருந்தது.

சவர்க்காரமும் சுடுதண்ணீரும். பழைய பல்துலக்கி. தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றி மூலை முடுக்கெல்லாம். பிறகு காற்றடித்துக் காய வைத்தது. பன்னிரண்டும் முடிய மூன்றரை மணி நேரம். மதியச் சாப்பாடு தொடவில்லை.

ஜூலை 7, திங்கள்

கத்திக்கு விடுகிற ஸ்பிரே மே மாதமே முடிந்துவிட்டது. சூப்பர்வைசர் ரஷீத் பாயிடம் நாலாவது தடவை கேட்டேன். நாலாவது தடவை இன்ஷா அல்லா. எஞ்சின் ரூமில் கேட்டு வாங்கச் சொன்னார். அவர்கள் மாம்பழ ஜூஸ் போத்தலில் ஒரு கறுப்புத் திரவம் அனுப்பியிருந்தார்கள். திறந்தால் கருகின நாற்றம். மேலே கரப்பான் ஒன்று மல்லாந்து மிதந்தது.

மூன்றரை மணி நேரம் தேய்த்துக் கழுவின கத்திக்குள் இதை விடுவதா? கையாலும் தொடமாட்டேன்.

மதிய இடைவேளையில் தங்குகிற கேம்புக்குப் போய் என்னுடைய எண்ணெயை எடுத்துவந்தேன். மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்புவது. செக்கில் ஆட்டி, துணியில் வடித்தது, தண்ணீர்போல் தெளிவு. பட்டனுக்கும் ஸ்பிரிங்குக்கும் அலகின் அச்சுக்கும் கஞ்சத்தனம் பார்க்காமல் நனைய நனைய விட்டேன். ஸ்டோர் என்பது தகரக் கன்டெய்னர், உள்ளே அடுப்படிச் சூடு. ஒவ்வொன்றையும் பத்துத் தடவை அமுக்கிப் பார்த்தேன். டக், டக், டக். புதிதில்கூட இப்படித் திறந்ததில்லை. வாசம் வேறு.

பின்னேரம் திருப்பிக் கொடுத்தேன். செல்வத்துக்கு மட்டும் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"தம்பி, இது கயிறு அறுக்கிற கத்தி. உம்மட கால் நகம் வெட்ட இல்லை. இனி இதுக்குள்ள ஒரு ஊத்தை கண்டனெண்டால் ரிப்போர்ட் எழுதுவன். தேவையில்லாமல் கையில எடுக்காதையும்."

மற்றப் படகுக்காரர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினான். இரண்டு சொல் கூடத்தான் சொல்லிவிட்டேனோ? இல்லை. சொல்லத்தான் வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

மெஸ் பருப்பில் தலைமயிர், நீளமானது. இந்தக் கேம்பில் பெண்களே இல்லை. யாருடையது?

குளியலறை வாய்க்கால் மறுபடி அடைப்பு. யாரும் கை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

மனைவியோடு வீடியோவில் பேசினேன். மகளுக்குப் பல் விழுந்ததாம், கையில் வைத்துக் காட்டினாள். என் பிள்ளையின் பல்தான், எனக்கு அருவருத்தது. நான் ஏன் இப்படியானேன்?

பின்னேரம் செல்வம் தோடம்பழம் உரித்து, பாதியை என் பக்கம் நீட்டினான். அந்த விரல்களைப் பார்த்தேன். பசியில்லை என்றேன். அவன், கத்தி படகுக் கேபினில் பெட்டிக்குள்தான் இருக்கிறது, வெளியே எடுப்பதே இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றான். நல்லது என்றேன். சொல் கேட்கிறவன்தான்.

வாங்க: பற்பசை, பினாயில், பெரிய கையுறை.

ஜூலை 9, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஒன்பதரைக்குச் செல்வத்தின் படகு ஒரு சரக்குக் கப்பலைக் கட்டப் போனது. கப்பலிலிருந்து இறக்குகிற கயிற்றை வாங்கிக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். முன்னால் வருகிற சின்னக் கயிறு அவனுடைய இடது கையைச் சுற்றிக்கொண்டது. மேலே கப்பலில் கயிறு சுற்றுகிற வின்ச் நிற்கவில்லை. இடுப்பில் கத்தி இல்லை.

படகோட்டி சாலிம், ஓமானிக் கிழவர், கேபினுக்குள் பாய்ந்து பெட்டியிலிருந்து நாலாம் நம்பரை எடுத்து வந்திருக்கிறார். அமுக்கினாராம். அலகு நகக்கண் அளவு எட்டிப் பார்த்து நின்றுவிட்டதாம். மறுபடி அமுக்கினாராம். அதைப் போட்டுவிட்டு, தேநீர்த் தட்டில் கிடந்த பாண் ரொட்டி வெட்டுகிற கத்தியால் அராவி அறுத்தாராம்.

சுண்டுவிரல் முறிவு. மோதிரவிரலில் நுனி இல்லை. மணிக்கட்டுத் தோல் வளையல்போல் உரிந்து.

படகுத் தளத்தைக் கழுவ என்னிடம்தான் பினாயில் கேட்டு வந்தார்கள். கொடுத்தேன். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

விசாரணை. நாலாம் நம்பரைப் பையில் போட்டுக் காலையில் ஸ்டோருக்கு அனுப்பினார்கள். மதியம்போல் ரஷீத் பாய் வந்து, திற என்றார். அமுக்கினேன். டக். பத்துத் தடவை அமுக்கினேன், பத்துத் தடவையும் டக். உள்ளே பார்த்தேன், ஒரு தூசி இல்லை.

சாலிம் கிழவர் வாசலில் நின்று, நேற்று சிக்கீன் மாஃபி ஓபன், மாஃபி ஓபன், கத்தி திறக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வயதானவர், பதற்றத்தில் பட்டனை விட்டு வேறெங்கோ அமுக்கியிருப்பார் என்று முடிவு கட்டினார்கள். அவர் இந்த ஊர்க்காரர், அவரை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். மிச்சம் செல்வம். கத்தியை இடுப்பில் கட்டாதது அவன் பிழை.

கத்தி ஆறாம் திகதி துப்புரவாக்கப்பட்டது, ஏழாம் திகதி எண்ணெய் விடப்பட்டது, இன்று பரிசோதித்ததில் நன்றாக வேலை செய்கிறது. இப்படி ரஷீத் பாய் ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டு வந்தார். கையெழுத்துப் போட்டேன்.

உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் போட்டேன். என் வேலையில் குறையில்லை என்று.

ஜூலை 12, சனி

லீவு நாள். செல்வம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். இடது கை முழங்கைவரை கட்டு. விசா கேன்சல், செவ்வாய்க்கிழமை டிக்கெட். சேஃப்டி குற்றத்தில் அனுப்பினால் வேறு கம்பெனிக்கும் வர விடமாட்டார்கள். அவனுக்கு முப்பத்துநாலு வயது. வந்து பதினொரு மாதம்.

கட்டிலில் இருந்தான். ஏசியை நான்தான் பதினாறில் வைத்துக் கொடுத்தேன், கட்டுக்குள் வேர்க்கக் கூடாதென்று. தலை காய்ந்து அரிக்கிறது, கொஞ்சம் எண்ணெய் கிடைக்குமா என்று கேட்டான்.

போத்தலை எடுத்தேன். கல்லாக உறைந்திருந்தது. கேத்தல், கோப்பை, சுடுதண்ணீர். போத்தலை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். விளிம்பில் கொஞ்சம் உருகி, நடுவில் வெள்ளைக் கட்டி அசையாமல் நின்றது.

அப்போதுதான் தெரிந்தது.

ஸ்டோரில் அடுப்படிச் சூடு. படகுக் கேபினில் ஏசி. கத்திப் பெட்டி ஏசி வாய்க்கு நேர் கீழே. அந்தப் பெட்டியை அங்கே ஆணியடித்து மாட்டினதும் நான்தான். நாலு வருடமாக ஒவ்வொரு விடியலும் இதே எண்ணெயை உருக்கித் தலைக்கு வைக்கிறேன். பெரிய ஸ்டோர்கீப்பர். மூளையிலும் உறைந்து கிடந்திருக்கிறது.

எண்ணெய் உருகிவிட்டது. அவனுக்கு ஒரு கைதான். அதனால் நானே வைத்துவிட்டேன். தலை முழுக்கப் பொடுகு, ஆஸ்பத்திரி மணம், விரலிடுக்கெல்லாம் ஒட்டியது. நிறுத்தவில்லை.

கத்தியை ஏன் இடுப்பில் கட்டவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நீங்கதானண்ணே தேவையில்லாம எடுக்காதன்னீங்க. அழுக்காயிட்டா திட்டுவீங்கன்னு பொட்டியிலயே வச்சுட்டேன்."

கை கழுவினேன். மூன்று தடவை கழுவினேன்.

ஜூலை 13, ஞாயிறு

காலை ஸ்டோரைத் திறந்ததும் நாலாம் நம்பரோடு ரஷீத் பாயின் ஆபீசுக்குப் போனேன். அவர் ஃபோனில் இருந்தார். கத்தியை ஏசிக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் பேசி முடிக்க முக்கால் மணி நேரம். முதல் தடவையாக அவருடைய ஃபோன் பேச்சு எனக்குப் பிரயோசனப்பட்டது.

அமுக்கிப் பாருங்கள் என்றேன். அமுக்கினார். நகக்கண் அளவு எட்டிப் பார்த்து நின்றது. சாலிம் சொன்ன அதே அளவு. மறுபடி அமுக்கினார். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விடயத்தைச் சொன்னேன். அவர் தலைக்கு வைப்பது கடுகெண்ணெய், அது உறையாதாம். தேங்காயெண்ணெய் இப்படிக் கட்டியாகும் என்பதே அவருக்குப் புதினம்.

பிறகு கதவைச் சாத்தினார். பேப்பர் மஸ்கட் ஹெட் ஆபீசுக்குப் போய்விட்டது, எதற்கு உன் தலையில் நீயே மண்ணை அள்ளிப் போடுகிறாய், உனக்கும் பிள்ளை இருக்கிறது என்றார். அவன் எப்படியும் கத்தியைக் கட்டவில்லைதானே என்றார். அவர் கெட்டவரில்லை. என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்.

"கலாஸ், பாய்," என்றார். முடிந்தது, விடு என்று அர்த்தம்.

எனக்கு உடனே சம்மதம் வந்துவிட்டது. எழுதிவைக்கிறேன், பிறகு மறக்கக் கூடாது. ஒரு முழு நிமிடம் சம்மதமாக இருந்தேன். சரி என்று சொல்லிக் கதவுவரைகூடப் போனேன். மூன்று துண்டு நகத்துக்குச் வாந்தி எடுக்கப் பார்த்தவனுக்கு இது மட்டும் சுகமாக இறங்கியது.

திரும்பி வந்து பேப்பர் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கையால் எழுதினேன். என்ன எண்ணெய், யார் விட்டது, பெட்டி எங்கே இருக்கிறது, கத்தியை எடுக்காதே என்று சொன்னது யார். கையெழுத்து. ரஷீத் பாய் அதை வாசித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஸ்கேன் பண்ணி அனுப்பினார்.

ஜூலை 14, திங்கள்

வெக்கை. தூசிக் காற்று.

மஸ்கட்டிலிருந்து பதினொரு மணிக்குப் பதில். செல்வத்தின் டிக்கெட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசா கேன்சல் இன்னும் கேன்சல் ஆகவில்லை. நாளை எட்டு மணிக்கு நான் ஆபீசுக்குப் போக வேண்டும், ரெசிடென்ட் கார்ட், பாஸ்போர்ட் கொப்பியோடு. எதற்கென்று எழுதவில்லை. மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

மதியம் செல்வத்திடம் எல்லாம் சொன்னேன். உறைந்த கதை, கையெழுத்துக் கதை, வியாழக்கிழமைச் சந்தோஷம் உட்பட. அடிப்பான் என்று நினைத்தேன், ஒரு கைதானே என்றும் நினைத்தேன். அவன் கட்டுப்போட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"நகம் வெட்டுனது தப்புதாண்ணே," என்றான்.

அங்கே இருக்க முடியவில்லை. ஸ்டோருக்கு வந்துவிட்டேன்.

புது ஸ்பிரே வந்திருக்கிறது. ஒரு பெட்டி, இரண்டு மாதம் கேட்டுக் கிடைக்காதது ஒரே நாளில். பன்னிரண்டு கத்தியையும் திரும்ப வாங்கிக் கழற்றினேன். சவர்க்காரம், சுடுதண்ணீர், பல்துலக்கி.

உள்ளே கிடந்தவை:
1 — எண்ணெய்.
2 — எண்ணெய்.
3, 6, 9, 11 — எண்ணெய். மற்றதுகளிலும் அதுதான்.
4 — பஞ்சு சுற்றின தீக்குச்சியால் ஸ்பிரிங்குக்கு அடியில் துழாவினேன். நகம் இல்லை. ஒன்றுமே இல்லை. பஞ்சை மணந்து பார்த்தேன். என் தலையணை மணம். ஊத்தை.