கடிக்கக் கூடாத ஈயம்

என் லித்தியாவுக்கு உன் செமிசி எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? நான் இந்த ஆஸ்திரேலிய டார்வின் நகர வெயிலில் கருவாடாகிவிட்டேன், மற்றபடி சுகம். முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: உன் புருஷன் திருடி மாட்டிக்கொண்டான்.

ராணுவச் சுடுதளத்து மண்மேட்டைச் சலித்து, புதைந்த துப்பாக்கிக் குண்டுகளைப் பொறுக்குகிறோம். மழைக்கு முன் எடுக்காவிட்டால் அவற்றின் ஈயம் ஓடையில் இறங்கிவிடும். இங்குள்ளவர்கள் அந்த ஓடை மீனைத்தான் சாப்பிடுகிறார்கள். உன் தூண்டில் நூலில் எடைக்கு மாட்ட ஆகுமே என்று ஒரு பிடி ஈயத்தைக் கால்சட்டைப் பையில் போட்டேன். எங்கள் வேலையை மேற்பார்வையிடும் டல்சி ஆன்ட்டி பார்த்துவிட்டார். அவர் அந்த ஓடைக்கரைக்காரர்.

“ஏன்டா பிஜிக்காரா, எங்க ஓடைக்கு ஆகாதது உன் பொண்டாட்டி வாய்க்கு ஆகுமா? அவளும் ஈயத்தைப் பல்லால கடிச்சுத்தானே தூண்டில்ல மாட்டுவா?”

“ஆமா ஆன்ட்டி. என்னையும் அப்படித்தான் கடிப்பா.”

“உன்னைக் கடிச்சா வயித்துவலியோட போயிடும். இது ரத்தத்துல போய் உக்காந்துக்கும்டா.”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. லித்தியா, இனி ஈயத்தைக் கடிக்காதே. சின்னக் கல்லைக் கட்டிக்கொள். உன் பல்லிடுக்குச் சிரிப்பு எனக்கு அப்படியே வேண்டும். என் சுலு வேட்டி ஒன்றை அனுப்பு, நம் வீட்டுச் சோப்பில் துவைத்து.

பேருந்து வந்துவிட்டது, முடிக்கிறேன். ஈயத்தூள் படிந்த கால்சட்டையைப் பையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். பதிலுக்கு இடுப்பில் கட்ட ஒரு துண்டு கொடுத்தார்கள். அது முகம் துடைக்கும் சின்னத் துண்டு.