சாரலில் வாங்கிய மலை

பங்குனி 9, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. மண்வெட்டி, கடப்பாரை, தண்ணீர் கேன், தயிர்சாதம். நாளை அக்காவோடு அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலைச்சரிவுக்கு. போன வருடம் தவறிப்போன அத்தான் வாங்கிப் போட்ட நிலம். தச்சநல்லூர் வீட்டை விற்று, அங்கே மங்குஸ்தான் வைக்கப் போகிறாளாம் அக்கா. அவர் ஆசை. தோட்டக்கலைத் துறையில் ஓய்வு பெற்ற தங்கை பிறகு எதற்கு இருக்கிறேன்?

"நீ பாத்துச் சரின்னு சொல்லிட்டா வெள்ளிக்கெழம முன்பணம் வாங்கிருவேன்ட்டி" என்கிறாள்.

மங்குஸ்தான் என்றாலே அத்தான்தான். சாரல் சீசனில் குற்றாலத்தில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு, பை நிறைய வாங்கி வருவார். எனக்கு உரித்துக் கொடுத்தே வெள்ளைச் சட்டையெல்லாம் கறை. அக்கா திட்டுவாள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது இன்று.

பங்குனி 10, செவ்வாய்

ஆள் விட்டு இடுப்பளவு குழி. மண் அருமை. மேலே கறுப்பு, கீழே சிவப்பு, பாறை தட்டவில்லை. உயரம் சரி. மண்ணில் லேசான அமிலத்தன்மை, அதுவும் சரி. அக்காவுக்கு ஒரே சந்தோஷம், தயிர்சாதத்தில் பாதியை எனக்கே தள்ளிவிட்டாள்.

பிறகு ஓடையைத் தேடினோம். அத்தான் வாய் ஓயாமல் சொன்ன ஓடை. வெள்ளைக் கல்லும் சருகும்தான். போர்வெல் போடலாமா என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டேன்.

"நான் ரெண்டு போட்டேம்மா. புழுதிதான் வந்துச்சி."

விஷயம் புரிந்துவிட்டது. அத்தான் நிலம் பார்த்தது ஆனியில், சாரல் நேரத்தில். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் அடிக்கிற கூத்து இது. அருவியில் குளித்த குஷியோடு போய் நிலம் பார்ப்பது. சாரலில் பாறைகூடப் பச்சையாகத் தெரியும். மங்குஸ்தானுக்கோ கோடையிலும் வேர் காயக் கூடாது.

அக்காவிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் தூங்குவதுபோல் வந்தேன். கோழை.

பங்குனி 11, புதன்

மேகமூட்டம், மழை இல்லை. தச்சநல்லூர். காபி வருமுன்பே சொல்லிவிட்டேன்.

"வீட்ட விக்காதக்கா. அங்கன கோடையில சொட்டுத் தண்ணி கெடையாது. கன்னு ஒரு பங்குனி தாங்காது."

அவள் தரகருக்குப் போன் போட்டாள்.

"வேண்டாம் அண்ணாச்சி, வீட்ட விக்கல."

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவுககிட்ட நீயே சொல்லிருட்டி. நான் சொல்லி என்னைக்குக் கேட்டிருக்காக?"

அடுக்களைக்குள் போய்விட்டாள். அத்தான் படத்துக்கு முன்னால் நான்.

"அத்தான், மண்ணு நல்ல மண்ணுதான்" என்று ஆரம்பித்தேன்.