முகம் பார்த்து உட்காரும் படகு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். உடம்பில் குறை ஒன்றும் இல்லை, என் முழங்கால்கூட இந்த மாதம் சொன்ன பேச்சைக் கேட்கிறது, தலைதான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கிறது. அதற்குக் காரணம் இரண்டு, ஒன்று உன் கடிதம், இன்னொன்று உன் அப்பா வாங்கியிருக்கிற படகு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் போன ஞாயிற்றுக்கிழமை வரை நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்தபோது கீழே தையல் கடையில் ஒரு கோட்டுக்குக் கை குறைத்துக்கொண்டிருந்தேன், அப்படியே பிரித்துப் படித்தேன். வேலை போனதும் அப்பாவிடம் போனில், கொஞ்ச மாதம் வீட்டுக்கு வந்து இருக்கட்டுமா என்று கேட்டாய் என்றும், அதெல்லாம் வேண்டாம்மா, நாங்க நல்லாத்தான் இருக்கோம் என்று சொல்லிவிட்டு அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டார் என்றும், என்னிடம் மறுபடி கேட்க உனக்கு மனசு வரவில்லை என்றும், அதனால்தான் அந்த ஊரிலேயே ஒரு ரொட்டிக் கடையில் கணக்கு எழுதப் போய்விட்டாய் என்றும் எழுதியிருந்தாய். அப்பாவே வேண்டாம் என்ற பிறகு அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது என்ற வரியைப் படித்துவிட்டு அந்தக் கோட்டை நான் அன்றைக்குத் தைக்கவில்லை.

மாடிக்கு ஓடிப் போய் அவரைக் கேட்டேன். முதலில் வாயில இருந்து ஊசியை எடுத்துட்டுப் பேசு என்றார். எடுத்துவிட்டுக் கேட்டேன், அவ அப்படிக் கேக்கவே இல்லையே என்றார். உனக்குத்தான் தெரியுமே, பொய் சொன்னால் அவருக்கு மூக்கு நுனி சிவந்துவிடும், உற்றுப் பார்த்தேன், சிவக்கவில்லை. நீயும் இல்லாததைச் சொல்கிற பெண் இல்லை. இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்ல வேண்டும், இரண்டு பேரும் சொல்லவில்லை என்றால் நான் என்ன செய்வது. நீ வார்த்தையை மென்று முழுங்குகிறவள், சரியாகவே கேட்டிருக்க மாட்டாய் என்று ஒரு நாள் தோன்றியது. ரிட்டையர் ஆன பிறகு இவருக்கு மனுஷர்களே வேண்டாம் என்று ஆகிவிட்டதோ என்று இன்னொரு நாள் தோன்றியது. உனக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை, கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே.

இந்த லட்சணத்தில்தான் படகுப் பேச்சு வந்து சேர்ந்தது. அச்சகத்தில் மாலை போட்டு அனுப்பினதிலிருந்து அவருக்குக் கை சும்மா இருக்காது, ஒழுகாத குழாயை எல்லாம் கழற்றி ஒழுக வைத்துவிட்டு மறுபடி சரி பண்ணுவார். பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற ஏரியில் இப்போது மரப்பலகையில் படகுத்துறை கட்டியிருக்கிறார்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் சின்னப் படகு வாங்கிக் கட்டி வைத்துக்கொள்ளலாம் என்று போர்டு மாட்டினார்கள், பிடித்தது பைத்தியம். சரி, பொழுது போகட்டும் என்று நானும் தலையாட்டினேன். படகு என்றால் படகு, அதில் என்ன என்று நினைத்தேன் பார், அங்கேதான் தப்பு. கயாக் என்று ஒன்று, இறுக்கமான பாவாடைக்குள் நுழைகிற மாதிரி இடுப்பு வரை உள்ளே போக வேண்டும். மிதிக்கிற படகு ஒன்று, பாய் கட்டினது ஒன்று, துடுப்புப் போடுகிறது ஒன்று, காற்றடிக்கிற ரப்பர் படகு ஒன்று. இதில் ஒவ்வொன்றிலும் தட்டை அடி, உருண்டை அடி, பிளாஸ்டிக், மரம் என்று குட்டிக் குட்டியாகப் பிரிகிறது. எங்களுக்கு மேல்மாடியில் இருக்கிற கணக்கு வாத்தியாரிடம் யோசனை கேட்டோம், அவர் தாளில் படம் போட்டு, தட்டை அடி ஏறும்போது ஆடாது ஆனால் அலையில் ஆடும், உருண்டை அடி ஏறும்போது ஆடும் ஆனால் அலையில் ஆடாது என்று விளக்கினார், அதற்கு அப்புறம் எனக்கு எதுவுமே புரியவில்லை. இத்தனைக்கும் அவருக்கு நீந்தத் தெரியாதாம்.

படகு விற்கிற அம்மா நல்ல மாதிரி. துணிக்கடையில போட்டுப் பாத்து வாங்கற மாதிரி ஏறிப் பாத்து வாங்குங்க என்று சொல்லிவிட்டாள். ரப்பர் படகில் மட்டும் என்னை ஏற விடவில்லை, என் காலரில் வரிசையாகக் குத்தியிருந்த குண்டூசியைப் பார்த்துவிட்டாள். முதலில் கயாக். அப்பா முன்னால், நான் பின்னால், இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து. நடு ஏரிக்குப் போனதும் நேரே நாணல் புதர், இடது பக்கம் வாங்க, இடது பக்கம் வாங்க என்று கத்துகிறேன், மனுஷர் நிம்மதியாகத் துடுப்பைப் போட்டுக்கொண்டு புதருக்குள்ளே கொண்டுபோய்ச் செருகினார். என் தலையெல்லாம் நாணல். ஏங்க, சொன்னா கேக்க மாட்டீங்களா என்றேன், அவர் பாட்டுக்கு நாணலை விலக்கிக்கொண்டிருந்தார். கரைக்கு வந்து, எனக்கு இது பிடிக்கல என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டார். முந்தின நாள் வரை கயாக்தான் கயாக்தான் என்று குதித்தது அவர்தான்.

அடுத்தது மிதிபடகு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சைக்கிள் மாதிரி மிதிக்க வேண்டும், பார்க்கக் கொஞ்சம் சின்னப் பிள்ளைத்தனம், ஆனாலும் கவிழாது என்றதால் எனக்குப் பிடித்திருந்தது. பாதி தூரம் போனதும், நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு என்று ஒரே பிடிவாதம். நடுத்தண்ணீரில் எழுந்து இடம் மாறுகிறவர்கள் உலகத்திலேயே நாங்கள்தான் என்று நினைக்கிறேன். வெயில் கண்ணில் அடிக்கிறதோ என்று நினைத்து நானும் மாறினேன், காலுக்கடியில் சங்கிலி கடகடவென்று கத்துகிறது, நான் ஏதோ கேட்டால் அவர் வேறு ஏதோ சொல்கிறார், வழியெல்லாம் சண்டை. பாய்ப்படகுக்கு அந்தம்மாவே கூட வந்து பின்னால் உட்கார்ந்தாள். குனிங்க என்றால் உடனே குனிய வேண்டும், ஏனென்றால் பாய் கட்டின கம்பு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வீசிக்கொண்டு வரும். அவள் சொன்னதும் நான் மடிந்து உட்கார்ந்துவிட்டேன், உன் அப்பா பறவை பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியோடு போயிற்று, தலை தப்பியது. ஒருத்தர் சொன்னா இன்னொருத்தர் அந்த நிமிஷமே கேக்கணும், இது உங்க ரெண்டு பேருக்கும் ஒத்து வராதுங்க என்று அந்தம்மா மரியாதையாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து நான் பொரிந்து தள்ளிவிட்டேன், உங்ககிட்ட பேசறது செவிடன் காதுல ஊதின சங்குதான் என்றேன். அவர் குழாயைக் கழற்றப் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசி முயற்சியாகத் துடுப்புப் படகு. இதில் ஒரு விசித்திரம், துடுப்புப் போடுகிறவர் போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். வழி தெரியாமல் போகிற வண்டி உண்டா என்று கேட்டேன், எதிரில் உட்கார்ந்திருக்கிறவர்தான் வழி சொல்ல வேண்டுமாம். இவருக்கு நான் வழி சொல்லி இவர் கேட்டு, விளங்கினாற்போலத்தான் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு ஏறினேன். முட்டிக்கு முட்டி இடிக்கிற மாதிரி எதிரெதிரே உட்கார்ந்தோம். குட்டிம்மா, அன்றைக்கு என் எதிரில் உட்கார்ந்தது வேறு மனுஷர். இடது என்றால் இடது, மெதுவாக என்றால் மெதுவாக, உன் கல்யாணப் பேச்சு, வாத்தியாரின் படம், கோட்டுக்காரர் வந்து கத்தினது என்று எதைச் சொன்னாலும் சிரிக்கிறார், பதில் சொல்கிறார். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். இத்தனை நாள் ஏன் இந்தக் கிழவர் என்னைப் பாடாய்ப் படுத்தினார் என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டேன், சத்தமே வெளியில் வரவில்லை, சத்தியமாக வரவில்லை. கிழவன்னு சொல்லாதே, இப்பதான் ரிட்டையர் ஆயிருக்கேன் என்றார்.

வராத சத்தம் இவருக்கு எப்படிக் கேட்டது? முகம் துடைக்கிற மாதிரி துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டு, நல்ல சத்தமாக, ஏங்க, பின்னாடி பாறை, நிறுத்துங்க என்றேன். அவர் சிரித்த முகமாகத் துடுப்பைப் போட்டுக்கொண்டே இருந்தார். டொம் என்று போய் இடித்தோம். துண்டை எடுத்தேன், அவரைப் பார்த்தேன், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மெஷின் பக்கத்துலயே கிடந்த காது, கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. வலதுல மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. முகத்தைப் பாத்தா பேச்சு புரிஞ்சிடும். வெளிய தெரிஞ்சா எல்லாரும் கிட்ட வந்து கத்துவாங்க, அப்புறம் பேசறதையே விட்டுடுவாங்க. பிரஸ்ல ரெண்டு பேருக்கு அப்படி ஆச்சு."

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பாய், நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தையல் மெஷின் சத்தத்தில் நான் எப்போதும் கத்தித்தான் பேசுகிறவள். டிவி பார்ப்பதை விட்டுவிட்டுப் பேப்பர் படித்தார், நல்ல பழக்கம் என்று நினைத்தேன். ஊசியை எடுத்துட்டுப் பேசு என்பார், நான் முழுங்கிவிடுவேனோ என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். போனை வாங்கி நல்லா இருக்கியாம்மா என்று கேட்டுவிட்டு என் கையில் திணிப்பார், ஊரில் எந்த அப்பாதான் அப்படிச் செய்யவில்லை சொல், அதில் யார் சந்தேகப்படுவார்கள். உன்னோடு பேசி வைத்ததும் என்ன சொன்னா, என்ன சொன்னா என்று என் பின்னாலேயே வருவாரே, அதுவும் பாசம் என்றுதான் நினைத்தேன். பாசமும்தான்.

அப்போதுதான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. அவர் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாக, குட்டிம்மா போன்ல என்ன கேட்டான்னு உங்களுக்குத் தெரியுமா என்றேன். போன்ல அவ குரல் கொசு மாதிரிதான் கேக்குது, எப்பவும் ஏதாவது அனுப்பட்டுமான்னுதான் கேப்பா, அதுக்குத்தான் வேண்டாம்னு சொன்னேன் என்றார். இல்லைங்க, வேலை போயிடுச்சு, வீட்டுக்கு வந்து இருக்கட்டுமான்னு கேட்டா என்றேன். துடுப்பை விட்டுவிட்டார். ஒன்று கொக்கியிலிருந்து நழுவித் தண்ணீரில் போய்விட்டது, அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. வரட்டுமான்னா கேட்டா, வரட்டுமான்னா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார், நான் தலையாட்டுகிறேன், படகு ஒற்றைத் துடுப்பில் ஒரே இடத்தில் வட்டம் போடுகிறது. என் புள்ளையை நானே வராதேன்னு சொல்லிட்டேனா என்று கேட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். முகத்தை மூடிக்கொண்டால் நான் சொல்கிற சமாதானம் அவருக்கு எப்படிக் கேட்கும், கையைப் பிடித்து இழுத்து விலக்கி, என்னைப் பாருங்க, என்னைப் பாருங்க என்றேன். அந்தம்மா வேறு படகில் வந்து துடுப்பை எடுத்துக் கொடுத்துக் கரை சேர்த்தாள். வெயிலில் மயக்கம் என்று சொல்லி வைத்தேன்.

கரைக்கு வந்து படகைத் தேர்ந்தெடுக்கிறபோது மறுபடி எனக்குக் குழப்பம். இரண்டு துடுப்புப் படகுகள் இருந்தன, ஒன்று லேசானது, இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும், நாங்களே தூக்கிவிடலாம். இன்னொன்று கனம், பின்பக்கம் அகலமான பலகை. நான் லேசானதைக் காட்டினேன், அந்தம்மாவும் அதைத்தான் காட்டினாள், அவர் கனமானதின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நாம ரெண்டு பேர்தானே, இதை யார் தூக்கறது என்று கேட்டேன். அந்த அகலப் பலகையைக் கையால் தட்டிக் காட்டி, "இங்க ரெண்டு பேர் உக்காரணும். நீயும் அவளும். ரெண்டு பேரும் என்னைப் பாத்தாப்ல" என்றார். அவ வருவாளோ என்னவோ என்றேன். மறுபடி கேக்கச் சொல்லு, இந்தத் தடவை ஒழுங்கா பதில் சொல்றேன் என்றார். கனமானதையே வாங்கிவிட்டோம், அதைத் துறையில் கட்டுவதற்கு வாத்தியாரும் வந்து தன் பங்குக்கு வேட்டியை நனைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன், வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், அன்றைக்குக் காலையில் என்ன சொல்வாரோ தெரியாது. இதையெல்லாம் உனக்கு எழுதலாமா என்று கேட்டதற்கு, எனக்குச் சொல்ல வெட்கமா இருக்கு, நீயே எழுது என்றார். ரொட்டிக் கடை வேலை பிடித்திருந்தால் இரு, உன்னைக் கட்டி இழுக்க நான் எழுதவில்லை. வேண்டாம் என்று சொன்ன வீடு என்று மட்டும் நினைத்துக்கொண்டு இருக்காதே, அதை என்னால் தாங்க முடியாது. இதை எழுதுகிறபோது கடையில் துணி போட்டுப் பார்க்கிற அறைக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, வந்துடும்மா, வந்துடும்மா என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், வெளியே ஒருத்தர் கால்சட்டை மாற்றக் காத்திருக்கிறார், நான் இவரை நகரச் சொல்லவில்லை.

நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நல்லபடி இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மறந்துவிடாதே, ரோட்டில் நடந்துகொண்டே காதில் மாட்டிக்கொண்டு பேசாமல், ஓர் இடத்தில் உட்கார்ந்து, முகம் தெரிகிற மாதிரி கூப்பிடு, வெளிச்சம் உன் முதுகில் விழாமல் முகத்தில் விழட்டும், கத்தாதே, கத்தினால் வாய் கோணிப்போய் அவருக்குப் புரியாதாம். என்னிடம் பேச வேண்டாம், நேராக அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியை இன்னொரு முறை கேள்.

படகில் உனக்குப் பக்கத்து இடத்துக்காரி,
அம்மா